நாலு மணி நாற்பத்தொரு நிமிஷம்

பெரிய காஞ்சிபுரம்
20.11.1999

அன்புள்ள பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மியும் நானும் சுகம். நீங்கள் ரியாத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். மாதக் கடைசியில் எதிர்வீட்டுக்கு போன் செய்கிறீர்களே, அங்கே ஆறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில்தான் சொல்ல முடிகிறது.

டாக்டரம்மாவின் நர்சிங்ஹோமில் போன வருஷம் நீங்கள் இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டுப் போனீர்கள். அதில் நான் ஒழுங்காக வேலை செய்கிறேன். இன்னொருவர், அதாவது நீங்கள் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர், ஒரு மாதமாக மக்கர் செய்கிறது. சாயங்காலம் எட்டரைக்கு நிறுத்திவிட்டுப் போனால், மறுநாள் காலையில் போடும்போது அதே எட்டரை மணியைக் காட்டுகிறது. நான் வீட்டுக்குக் கிளம்பியதும் அதுவும் படுத்துவிடுகிறது போல. தினமும் என் வாட்சைப் பார்த்துத் திருத்தி வைக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாததா, இந்த ஊரில் பிறந்த நேரம் என்றால் ஜாதகம். முன்பெல்லாம் நர்சு ஒரு நேரம் சொல்வார், தாய்மாமன் வாட்ச் இன்னொன்று சொல்லும், பிள்ளை கண் விழிப்பதற்குள் சண்டை மூண்டுவிடும். அதற்குத்தான் ஏலவார்குழலி டாக்டரம்மா பிரசவ அறைக் கடிகாரத்தையே கழற்றிவிட்டு, “இனிமே கம்ப்யூட்டர் டைம்தான்” என்று வைத்தார். பகலில் குழந்தை வெளியே வந்ததும் லோகாம்பாள் நர்சு உள்ளே சுவிட்சை அழுத்துவார், என் மேஜையில் பெல் அடிக்கும், நான் என்டரைத் தட்டுவேன், நேரம் பதிந்துவிடும். அச்செடுத்துக் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பும் என்கிறார்களே, எல்லாம் அந்த ஒய்டூகே வேலை என்கிறார் டாக்டரம்மா. எனக்கென்னவோ பயமாக இருக்கிறது. நாளைக்கு ஏதாவது தப்பானால் மெஷினையா திட்டுவார்? என்ன செய்யலாம் என்று உடனே எழுதுங்கள்.

அம்மி துஆ சொல்லச் சொன்னார்.

உங்கள் தங்கை,
அஞ்சும்


ரியாத்
3.12.1999

அன்புத் தங்கை அஞ்சுமுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அறையில் எட்டுப் பேர் இருப்பதால் போர்வை வாங்கும் செலவு மிச்சம்.

ஒய்டூகேவும் இல்லை, ஒன்றும் இல்லை. டாக்டரம்மா பேப்பர் படித்துவிட்டுப் பயப்படுகிறார். முதலில் ஒன்று பார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நேரம் பின்தங்குகிறதா, நிறுத்தியிருக்கும்போது மட்டுமா? ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள். காலையில் மெஷின் ஆன் ஆகும்போது டெலீட் கீயை விடாமல் தட்டினால் நீலத் திரை வரும், அங்கே நேரத்தை வை. விண்டோஸில் வைப்பதைவிட அது நல்லது. பிறகு நாள் முழுக்கத் தொடாதே. மதியம், சாயங்காலம் இரண்டு வேளையும் வாட்சின் நேரத்தையும் மெஷினின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. நடுவில் திருத்தினால் எவ்வளவு குறைகிறது என்று தெரியாமல் போய்விடும். இரண்டு வாரம் எழுதி எனக்கு அனுப்பு.

இன்னொன்று. பெட்டியைத் திறக்காதே. ஸ்க்ரூவில் கை வைத்தால் வாரண்டி போய்விடும். வேறு யாரையும் திறக்கவும் விடாதே.

ஏப்ரலில் வருகிறேன், இன்ஷா அல்லாஹ். ரங்கசாமி குளம் பக்கம் ஒரு கடை பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். “ஷாஹித் சிஸ்டம்ஸ்” என்று பெரிய போர்டு மாட்ட வேண்டும். கலீல் மாமா வீட்டில் உனக்குப் பேசிக்கொண்டிருப்பதாக அம்மி சொன்னார். வெட்கப்பட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே, மேலே வைத்தியம் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ஷாஹித்


பெரிய காஞ்சிபுரம்
7.1.2000

அன்புள்ள பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாளையோ மறுநாளோ பெருநாள். அம்மி சேமியா வறுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு எதிலும் மனசு போகவில்லை.

நீங்கள் சொன்னபடியே நோட்டுப் போட்டேன். ஓடும்போது ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. நிறுத்தினால் மட்டும் நின்றுவிடுகிறது. சரி, காலையில் வைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன். பகலில் கரண்ட் போனாலும் மெஷின் நிற்கும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை, பாய்ஜான். ஜெனரேட்டர் பிரசவ அறைக்கு மட்டும்தான்.

டிசம்பர் 26, ஞாயிறு. நாலு இருபத்தைந்துக்குக் கரண்ட் போய் ஐந்து முப்பத்தைந்துக்கு வந்தது. நான் மெஷினைப் போட்டுவிட்டு, நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்தேன். பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு ஆரம்பித்தது. பழத்தை வாயில் வைத்த அந்த நொடி பெல் அடித்தது. கொட்டையைக்கூடத் துப்பாமல் என்டரைத் தட்டினேன். திரையில் என்ன நேரம் என்று பார்க்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மெஷின் ஆறு ஐம்பது காட்டியது. “ஒரு மணி பத்து நிமிஷம் குறைவு” என்று நோட்டில் அழகாக எழுதி, கீழே கோடும் போட்டேன். உங்களுக்கு அனுப்பத்தானே எழுதினேன். அது ஒரு குழந்தையின் நேரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் குழந்தை யாருடையது தெரியுமா? ஸிந்துஜாவுடையது. ப்ளஸ் டூ வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், நம் வீட்டுக்கு வந்து சேமியா மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போவாளே, அவள்தான். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அவள் மயக்கத்தில் இருந்தாள். வெளியே இருந்தவர்களுக்கு ஆறரை மணிக்குத்தான் சொன்னார்கள். நான் அச்செடுத்துக் கொடுத்தது 4.41.

நேற்று அவள் அம்மா மங்கை மாமி இன்னொரு அச்சு கேட்டு வந்தார். “ஏம்மா அஞ்சும், இதுல தப்பே இருக்காதோன்னோ?” என்றார். ஸிந்துஜாவின் மாமனார் யதிராஜன் சுவாமி சின்ன காஞ்சிபுரத்தில் பெரிய பண்டிதர், பஞ்சாங்கம் கரைத்துக் குடித்தவர். 4.41 என்று ஜாதகம் கணித்தாராம். ஆயில்யம் நாலாம் பாதமாம். தகப்பனுக்கு ஆகாதாம். ஐந்து வயசு வரைக்கும் அப்பா குழந்தை முகத்தில் விழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். குழந்தையின் அப்பா ஸ்ரீவர்தன் அவருக்கு ஒரே பிள்ளை. பதினோராம் நாள் பெயர் வைக்க அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. ஸிந்துஜா ஓரிக்கையில் அம்மா வீட்டில், பெயரில்லாத குழந்தையை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

“எப்ப மாமி அந்த நட்சத்திரம் முடியுது?” என்று கேட்டேன். “அஞ்சு பன்னண்டுக்கே மகம் வந்துடுத்தாம். அரைமணி தள்ளிப் பொறந்திருக்கக் கூடாதா” என்று அழுதார்.

அரைமணி தள்ளித்தான் பிறந்தாள், பாய்ஜான்! ஐந்து ஐம்பத்தொன்றுக்குப் பிறந்தாள். மாமியிடம் சொல்ல வாயைத் திறந்தேன், டாக்டரம்மா வந்துவிட்டார். வாயை மூடிக்கொண்டேன். அக்டோபரிலிருந்து இந்த மெஷினில் நாற்பத்தாறு குழந்தைகளுக்கு நேரம் பதிந்திருக்கிறது. அதில் எத்தனை தப்போ. “துலுக்கப் பொண்ணு எங்க குழந்தை ஜாதகத்தைக் கெடுத்துட்டா” என்று யாராவது ஒருவர் கத்தினால் என்ன ஆகும்? ராத்திரி தூக்கம் வரவில்லை. அம்மியிடம் நோன்புக் களைப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என்ன செய்யட்டும்? சொல்லுங்கள்.

அஞ்சும்


ரியாத்
19.1.2000

அஞ்சும்,

ஸலாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கவனமாகக் கேள்.

வாயைத் திறக்காதே. மங்கை மாமியிடமும், டாக்டரம்மாவிடமும், லோகாம்பாளிடமும், யாரிடமும். இவர்கள் ஜாதகம் பார்ப்பது இவர்கள் பாடு. ஆறு மாதம் போனால் ஏதாவது பரிகாரம் செய்து சேர்ந்துகொள்வார்கள். ஒரு வாய் சொல்லிவிட்டால் நாற்பத்தாறு வீடும் வந்து வாசலில் நிற்கும். டாக்டரம்மா உன்னை வேலையை விட்டு அனுப்புவதோடு நிற்க மாட்டார், “இந்த மெஷினைக் கொடுத்தவனைக் கூப்பிடு” என்பார். கலீல் மாமா வீட்டுக்கு விஷயம் போகும். உன் கல்யாணம், என் கடை, அம்மியின் பேர், எல்லாம் ஒரே நாளில் போகும். தனியாக இருக்கும் இரண்டு பெண்கள் நீங்கள். எனக்கு இங்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நோட்டைக் கிழித்துப் போடு. எனக்கு அனுப்ப வேண்டாம்.

மெஷின் முகப்பில் என் பேர் போட்ட ஸ்டிக்கர் இருக்கிறதல்லவா, சண்டைக்கு வருகிறவர்கள் அதைப் படிக்க வேண்டாம், வெந்நீர் தொட்டு மெல்ல உரித்துவிடு. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய். பெட்டியைத் திறக்காதே என்று மறுபடி சொல்கிறேன். ஏப்ரலில் வந்து நானே சத்தமில்லாமல் எல்லாவற்றையும் சரி செய்துவிடுகிறேன்.

இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

ஷாஹித்


பெரிய காஞ்சிபுரம்
12.2.2000

அன்புள்ள பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சொல்லை நான் தட்டியதில்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

புதன்கிழமை தடுப்பூசி போட ஸிந்துஜாவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். “குழந்தைக்கு என்ன பேர் எழுதட்டும்?” என்று லோகாம்பாள் நர்சு கேட்டார். “பேபி ஆஃப் ஸிந்துஜான்னே எழுதுங்கோ” என்றாள். பிறகு என் மேஜைக்கு வந்து மெதுவாகப் பேசினாள்.

“அவர் போன் பண்றார். பின்னாடி இவ அழற சத்தம் கேட்டா வச்சுடறார், அஞ்சும். அவருக்கும் பயம். நீதானே டைம் போட்டே, சரியாத்தானே போட்டே?”

குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

அன்று எல்லோரும் போனபின் வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு ஸ்டிக்கரிடம் போனேன். ஓரத்தை நகத்தால் நிமிண்டும்போதுதான் தோன்றியது: பாய்ஜான் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்? நேரம் பதிந்தது நான்தானே? ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தேன். வாரண்டி கொடுத்ததே நீங்கள்தான், அது எங்கே போய்விடும்?

உள்ளே, மெஷின் நிறுத்தியிருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுகிற பேட்டரியைப் பார்த்தேன். போர்டோடு வைத்துப் பற்றவைத்திருந்தது. அடியில் பச்சை பூத்து, சுற்றிலும் கோடுகளை அரித்திருந்தது. போர்டின் ஓரத்தில் 1995 என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் வேறு ஏதோ கடையின் சீட்டைச் சுரண்டிய தடம். “பெட்டி பிரிக்காத புதுசு டாக்டரம்மா, 98 மாடல்” என்று நீங்கள் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். என் அண்ணன் என்று பெருமையாக நின்றேன்.

உங்களுக்கு என்ன கஷ்டமோ. ரியாத் விசாவுக்கு அலைந்த சமயம் அது. நான் கேட்கப் போவதில்லை. அழுதேன், அவ்வளவுதான். மூடியை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு சின்ன காஞ்சிபுரம் போனேன். கையில் நோட்டும், பள்ளிவாசலில் கொடுத்த ரமலான் நேர அட்டையும். யதிராஜன் சுவாமி வீட்டு வாசலில் நின்றேன். ஓடி வந்துவிடலாமா என்று இரண்டு தரம் திரும்பினேன். அவரே எட்டிப் பார்த்து, “யாரும்மா? உள்ள வா” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் போனது, மெஷின் நின்றது, பேரீச்சம்பழம், பெல். அவர் நோட்டை வாங்கி 26ஆம் தேதியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு கேட்டார்.

“பாங்கு சொல்லிண்டிருக்கச்சேயா, முடிஞ்சப்பறமா?”

“சொல்லிக்கினு இருக்கும்போதுதான் சாமி. ஆரம்பிச்ச ஒடனே.”

“நன்னா யோசிச்சுச் சொல்லு. ஒரு குழந்தையோட விஷயம்.”

“பகல் பூரா பட்டினி கிடந்துட்டு அந்தச் சத்தத்துக்குத்தான் சாமி காத்துக்கினு இருந்தேன். அது எப்படி மறக்கும்?”

அட்டையை நீட்டினேன். டிசம்பர் 26, நோன்பு திறக்க 5.50. அவர் எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். பூதக்கண்ணாடி வைத்து அந்த நாளின் அஸ்தமன நேரத்தைத் தேடினார். அட்டையைப் பார்த்தார், பஞ்சாங்கத்தைப் பார்த்தார். “அஸ்தமனம் அஞ்சு நாப்பத்தெட்டு. உங்கவாளுக்கு ரெண்டு நிமிஷம் ஜாக்கிரதை” என்றார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு நோட்டில் 26ஆம் தேதியை மறுபடி தொட்டார்.

“எனக்குப் பயம், அம்மா. ஒரே பிள்ளை. அந்தப் பயத்துல இன்னொருத்தர் கிட்ட ஒரு வார்த்தை விஜாரிக்கத் தோணலை. நாப்பத்தஞ்சு நாளா அந்தக் குழந்தையை” என்று ஆரம்பித்தவர் எழுந்து உள்ளே போய்விட்டார். என்ன முடிவு செய்வார் என்று தெரியாமலே வந்துவிட்டேன்.

இன்று காலை டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஊரார் வந்து சொல்வதற்கு முன் நான் சொல்வது நல்லது என்று பட்டது. எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு மெஷினைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். 1995ஐப் படித்தார். முகப்பில் ஓரம் நிமிண்டிய ஸ்டிக்கரையும் படித்தார். “உங்கண்ணன்தானே?” என்றார்.

ஆமாம் என்றேன். நான் ஸ்டிக்கரை உரிக்கவில்லை, பாய்ஜான். உரித்திருந்தால், அதை ஏன் உரித்தாய் என்ற கேள்விக்கு நான் இன்னொரு தலையாட்டல் ஆட்ட வேண்டியிருந்திருக்கும்.

“திங்கக்கிழமை வா, பாத்துக்கலாம்” என்று அனுப்பிவிட்டார். வேலை இருக்குமா என்று தெரியாது. கலீல் மாமா வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. எல்லாவற்றையும்விட, நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதுதான் பயமாக இருக்கிறது. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
அஞ்சும்


பெரிய காஞ்சிபுரம்
13.3.2000

அன்புள்ள பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாதக் கடைசியில் நீங்கள் போன் செய்யவில்லை. அம்மி எதிர்வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து திரும்பி வந்தார். “லைன் கிடைச்சிருக்காது” என்றேன். கடிதமும் வரவில்லை. தினமும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன், அவர் தாண்டிப் போய்விடுகிறார்.

இங்கத்திய சேதி சொல்கிறேன். யதிராஜன் சுவாமி அந்த அட்டையை வைத்து ஜாதகத்தை மறுபடி கணித்தார். மகம், சிம்ம ராசி. மாசி மாதத்தில் நல்ல நாள் பார்த்துப் பெயர் வைத்தார்கள். ரக்ஷா. ஸ்ரீவர்தன் குழந்தையைக் கையில் வாங்கியதும் பெயர் சொல்ல வரவில்லையாம், அழுகைதான் வந்ததாம். மாமனார் பக்கத்தில் நின்று, “சொல்லுடா, காதுல சொல்லு” என்றாராம். ஸிந்துஜா வந்து எல்லாம் சொன்னாள். அதோடு, “நான் கேட்டப்ப தலையாட்டினியே, அஞ்சும்” என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. வருவாளோ என்னவோ.

டாக்டரம்மா என்னை அனுப்பவில்லை. நாற்பத்தாறு வீட்டுக்கும் ஆள் விட்டுச் சொன்னார். பாதிப் பேர் வந்து கத்தினார்கள். ஒருவர் மேஜையைக் குத்தினார். மின்சார ஆபீசில் கரண்ட் போன நேரமும் வந்த நேரமும் எழுதி வைக்கிற புத்தகம் இருக்கிறதாம். டாக்டரம்மா அதைக் கேட்டு வாங்கி என் முன்னால் வைத்து, “ஒவ்வொண்ணா கணக்குப் போடு. தப்பா போட்டா தொலைச்சுடுவேன்” என்றார். இதுவரை முப்பத்தொரு குழந்தைகளின் நேரத்தைச் சரிபார்த்து, தப்பானதைத் திருத்திவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் பேனாவை எடுக்கிறேன். பிரசவ அறையில் பழைய கடிகாரம் மறுபடி ஏறிவிட்டது. கலீல் மாமா வீட்டிலிருந்து சபியா மாமி வந்து அம்மியிடம் என்னவோ பேசிவிட்டுப் போனார். என்னவென்று கேட்டால் அம்மி அடுப்படிக்குப் போய்விடுகிறார்.

நேற்று, பக்ரீதுக்கு ஊர் வந்த உங்கள் ரூம்காரர் ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தேன். புது மதர்போர்டு, பெட்டி பிரிக்காதது. பக்கத்தில் இரண்டு பேட்டரி. டாக்டரம்மா பெயருக்கு “விலை இல்லை” என்று எழுதிய ரசீது, கீழே உங்கள் கையெழுத்து. கடிதத்தைத் தேடினேன். பஞ்சு, அட்டை, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் உதறினேன். இல்லை.

“அண்ணன் ஏதாச்சும் சொன்னாரா?” என்று கேட்டேன். “ரெண்டு நாள் ராத்திரி எழுதிக்கினே இருந்தான்மா. எல்லாத்தையும் கிழிச்சுட்டான்” என்றார் அவர்.

நானும் மூன்று தாள் கிழித்தவள்தான், பாய்ஜான். போதும், கிழித்ததையெல்லாம் படித்த மாதிரிதான்.

பெட்டியை டாக்டரம்மாவிடம் காட்டினேன். ரசீதைப் படித்தார். “யாரை விட்டு மாட்டப் போறே?” என்றார். “ஏப்ரல்ல எங்கண்ணன் வராரும்மா” என்றேன். ரசீதை மடித்து மேஜை டிராயருக்குள் வைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாருங்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, உங்களுக்கு இன்னும் அதிகம் இருக்கும். ரங்கசாமி குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்கு வாருங்கள், நர்சிங்ஹோமுக்கு நானும் கூட வருகிறேன். முகப்பில் உங்கள் ஸ்டிக்கர் ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அதுவரை கரண்ட் போய் வரும்போதெல்லாம் நான் நேரத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தங்கை,
அஞ்சும்